துண்டுக்கு வெளியே ஒரு விலை

நூல் தரகன் சின்ன மீரான் அன்று காலையில் மூன்றாவது தடவையாக வந்தான். வந்தவன் உட்காரவில்லை. தோளில் கிடந்த துண்டை உதறித் தன் வலது கையின்மேல் போட்டுக்கொண்டு, "கையக் குடுங்கண்ணே" என்றான்.

லிங்கம் கையைத் துண்டுக்குள் விட்டான்.

நூல் தரகில் விலையை வாயால் சொல்கிற வழக்கம் அந்த ஊரில் கிடையாது. துண்டுக்குள் கை கோத்து, விரலைப் பிடித்துத்தான் சொல்வார்கள். முதல் பிடி பத்துக்கு, அடுத்த பிடி ஒன்றுக்கு, ஐந்துக்கு மேல் என்றால் கையை முழுசாகப் பிடித்துவிட்டு மிச்ச விரல், விரலை மடக்கினால் அரை. பக்கத்தில் பத்துப்பேர் நின்று பார்த்தாலும் துண்டு அசைவது தெரியும், விலை தெரியாது.

மீரான் இரண்டு விரலைப் பிடித்து விட்டான். பிறகு மூன்று விரலைப் பிடித்தான். கட்டு இருபத்து மூன்று ரூபாய்.

லிங்கம் பதில் பிடி பிடிக்கவில்லை. கையை எடுக்கவும் இல்லை. அப்படியே வைத்துக்கொண்டு எதிர்ச்சுவரைப் பார்த்தான். அது அவன் பழக்கம். தான் பேசாமல் இருந்தால் எதிராளி பேசுவான், பேசுகிறவன் கொஞ்சம் கூடுதலாகவே பேசிவிடுவான் என்று அவனுக்குத் தெரியும்.

மீரானும் பேசினான். "போன வாரத்துக்கு இந்த வாரம் மூணு வெரலு கூட. பஸ்ஸுல ஏறுனவுக எங்கயாச்சும் எறங்கித்தாண்ணே ஆகணும்."

"நான் கடைசியில எறங்கிக்கிறேன்."

"கடைசி எதுன்னு டிரைவருக்கே தெரியாது. பெட்ரோலு தீர்ற எடந்தான் கடைசி. பொட்டக்காட்டுல எறக்கிவிட்டுட்டுப் போயிருவான்."

லிங்கம் மறுபடியும் சுவரைப் பார்த்தான். துண்டுக்குள் மீரானின் கை வேர்த்தது.

"வேங்கடபதிக்கு இன்னும் எத்தன கட்டு வேணும்?"

"அதச் சொன்னா எம் பொழப்பு போயிரும்ணே."

லிங்கம் கையை எடுக்காமல் வைத்திருந்தான்.

"எழுபதுக்கு மேல. எம்பதுக்குள்ள. போதுமா?" மீரான் கையை உருவிக்கொண்டான். "ஒங்களோட பேசுறதுக்குக் கெணத்துக்குள்ள எட்டிப்பாத்துப் பேசிட்டுப் போயிரலாம். அதாச்சும் திருப்பிப் பேசும்."

அவன் போன பிறகு லிங்கம் உள்ளறைக் கதவைத் திறந்து பார்த்தான். சுவரோரமாக அறுபது கட்டு நூல் அடுக்கியிருந்தது. எல்லாம் ஜப்பான் நூல். ஒரு நாளைக்கு நாலைந்து தடவை அதை எண்ணுவான். குறைந்துவிடும் என்ற பயம் இல்லை. எண்ணும்போது மனசுக்குள் வேங்கடபதியின் முகம் வரும். அதற்காகத்தான் எண்ணினான்.

வேங்கடபதி பஜாரில் பெரிய ஜவுளிக்கடைக்காரர். லிங்கத்தைப் போன்ற நெசவாளிகள் நூறு பேர் அவருக்குச் சேலை நெய்து போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏழு வருஷத்துக்கு முன்னால் லிங்கம் கொண்டுபோன பன்னிரண்டு சேலைகளில் ஒன்று அளவு குறைந்துவிட்டது. மற்ற கடைக்காரராக இருந்தால் அரை ரூபாய் கழித்துக்கொண்டு விட்டிருப்பார். வேங்கடபதி எழுந்து வந்தார். சேலையின் ஒரு தலைப்பை லிங்கத்தின் கையில் கொடுத்துப் பஜார் நடுவில் நிறுத்தினார். மறு தலைப்பைக் கடைச் சிப்பந்தி பிடித்துக்கொண்டான். வேங்கடபதி முழம் போட்டுக்கொண்டே நடந்து வந்து, லிங்கத்தின் முகத்துக்கு நேராக நின்று, "ஒரு சாண் கொறையுதுடோய்!" என்று கத்தினார். பஜார் சிரித்தது. சந்தைக்கு வந்திருந்த பக்கத்துப் பாலவனத்தத்து உழவுச் சம்சாரிகள் கூட நின்று சிரித்துவிட்டுப் போனார்கள். லிங்கம் தலைப்பை விடவில்லை. விடச்சொல்லுகிறவரைக்கும் பிடித்துக்கொண்டு நின்றான்.

அந்தச் சத்தத்தைத்தான் அவனால் மறக்க முடியவில்லை. காசு கழித்ததை மறந்துவிட்டான்.

இந்த வருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்று ஆனி மாதத்தில், வேங்கடபதி ஒரு காரியம் செய்தார். கையில் இல்லாத நூலை விற்றார். கட்டு பதினொன்றரை வீதம் இருநூறு கட்டு ஜப்பான் நூல், ஆவணி அமாவாசைக்குள் கொண்டுவந்து இறக்குவதாக மதுரைக் கடைக்காரர்களுக்கு எழுதிக் கொடுத்தார். ஆடியில் கப்பல் வரும், நூல் ஒன்பதுக்கு இறங்கும், அப்போது வாங்கிக் கொடுத்துக்கொள்ளலாம் என்பது அவர் எண்ணம். கொஞ்ச வருஷமாகவே அப்படிச் செய்து சம்பாதித்திருக்கிறார். எழுதிக்கொடுத்த நூல் இறங்காவிட்டால் மதுரைக்காரர்கள் அன்றைய விலைக்கு எங்காவது வாங்கிக்கொள்வார்கள். அதிகப்படியை அவர் தலையில் கட்டுவார்கள். அப்புறம் அவர் பேச்சை மதுரையில் யாரும் நம்பமாட்டார்கள்.

ஆடியில் கப்பல் வரவில்லை. ஜப்பானோடு வியாபாரம் நின்றுபோனதாகப் பத்திரிகையில் போட்டுவிட்டான். அன்றைக்கே மீரான் வாய்தவறி லிங்கத்திடம் சொன்னான்: "மொதலாளி இருநூறு கட்டு வித்துருக்காரு. கையில இருவதுகூட இல்ல."

லிங்கம் அன்று சாப்பிடவில்லை. சந்தோஷத்தில் பசிக்கவில்லை. மறுநாள் திருச்சுழிக்குப் போய், அங்கே நிலமும் ரொக்கமும் உள்ள ஐயாத்துரையிடம் வீட்டை எழுதிவைத்து எண்ணூறு ரூபாய் வாங்கினான். ஆவணி முடிவதற்குள் வட்டியோடு எண்ணூற்று நாற்பது கட்டவேண்டும். கட்டாவிட்டால் வீடு ஐயாத்துரைக்கு. பத்திரத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. அந்தப் பணத்தோடு கையிருப்பையும் சேர்த்து, பன்னிரண்டுக்கும் பதினைந்துக்கும் பத்தொன்பதுக்குமாக அறுபது கட்டு வாங்கி அடைத்தான்.

அதற்குப் பிறகு விலை ஏறியது. வேங்கடபதி வாங்க வாங்க ஏறியது. வாங்காமல் இருக்க அவரால் முடியாது. நாள் குறையக் குறையத் தரகர்களைத் தெருத்தெருவாக ஓடவிட்டார். தெருவில் யாரும் நூல் இல்லை என்றார்கள். தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. காலையில் எழுந்தால் கேட்கிற தறிச்சத்தம் இல்லாமல் தெரு வெறிச்சென்று கிடந்தது. ஆண்கள் வேப்பமரத்தடியில் கட்டம் கீறி ஆடுபுலி ஆட்டம் ஆடினார்கள். நூல் இல்லாத ஊரில் தன்னிடம் மட்டும் அறுபது கட்டு இருக்கிறது என்று லிங்கம் அந்த அமைதியைக் காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பான். அவனுடைய தறியும் நின்றுதான் இருந்தது.

"இன்னிக்கு எம்புட்டு?" என்று கங்கம்மாள் கேட்டாள். அவன் மனைவி. கன்னட நாட்டிலிருந்து வந்த நெசவாளர் வழி என்பதால் வீட்டுக்குள் அவர்கள் கன்னடத்தில்தான் பேசிக்கொள்வார்கள். ஒரு மாதமாக அதுவும் குறைந்துவிட்டது.

"இருவத்து மூணு."

அவள் மனசுக்குள் பெருக்கிப் பார்த்தாள். "ஆயிரத்து முந்நூத்தி எம்பது. வீட்டத் திருப்பிட்டு அஞ்சு நூறுக்கு மேல மிச்சம். நாம ரெண்டு பேரும் ரெண்டு வருஷம் தறியில கெடந்தாலும் இது வராது. வித்துருங்க."

"இன்னும் ஏறும்."

"ஏறட்டும். ஏறுறதெல்லாம் நமக்கா?"

அவன் உள்ளறைப் பக்கம் திரும்பினான்.

"எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காதீங்க. வெல ஏறணும்னா நீங்க இந்த அறையில ஒக்காந்திருக்கீங்க? அந்தாளு வந்து ஒங்க கால்ல விழணும். அதுக்குத்தான் என் வீட்டப் பணயம் வச்சுருக்கீங்க."

"ஒன் வீடா?"

"எங்கப்பா குடுத்த காசுல பாதி. அப்ப பாதி என் வீடு. நூலுல பாதிய மட்டுமாச்சும் வித்துக் குடுங்க. மிச்சத்த வச்சு அவர் கழுத்த நெரிங்க, நான் வேண்டாங்கல."

அவன் உள்ளறைக் கதவைச் சாத்திப் பூட்டினான். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டான். அன்று முழுவதும் அவள் பேசவில்லை, அவனும் பேசவில்லை. பேசாமலிருப்பதில் யாருக்கு வலிமை அதிகம் என்று பார்க்கிறவர்களைப்போல ஒரே அடுப்பைச் சுற்றி வந்தார்கள்.

அமாவாசைக்கு ஐந்து நாள் இருக்கும்போது எதிர்வரிசை சுந்தராம்பாள் வந்தாள். கணவனில்லாதவள், தானே தறி போடுகிறவள். வந்தவள் நேராக லிங்கத்தின் முன்னால் நின்றாள்.

"ஒரு கட்டு குடு லிங்கம். கல்யாணச் சேல ஒண்ணு பாதியில நிக்குது. பதினஞ்சு ரூவா தாரேன்."

"எங்கிட்ட நூல் இல்ல."

"இல்லாமத்தான் கதவப் பூட்டி வச்சுருக்கியா? உள்ள யாரு, வயசுக்கு வந்த பிள்ளையா ஒக்காந்திருக்கு?"

"இல்லன்னா இல்ல."

"இருவது தாரேன்."

அவன் சுவரைப் பார்த்தான். சுந்தராம்பாள் கொஞ்ச நேரம் அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு வாசலில் இறங்கி, தெருவில் காறித் துப்பினாள். "இந்த வீட்டுல தறிச் சத்தம் கேக்காமப் போகட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். லிங்கம் எழுந்து போய்ச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். இருபது ரூபாயைச் சேர்த்துப் பார்த்திராத பெண்பிள்ளை ஒரு கட்டுக்கு இருபது தருகிறேன் என்கிறாள் என்றால் ஊரில் நூலே இல்லை என்று அர்த்தம். அப்படித்தான் அவன் கணக்குப் போட்டான்.

மீரான் வந்துகொண்டே இருந்தான். இருபத்து நாலரை. இருபத்தாறு. இருபத்தேழு. ஒவ்வொரு தடவையும் லிங்கம் கையை வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தான். கடைசித் தடவை மீரான் துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னான்: "அண்ணே, நான் தரகன். எவன் வித்தாலும் எனக்குக் கட்டுக்கு ரெண்டணா. அதனால சொல்றேன்னு நெனச்சாலும் சரி. வாங்குறவன் உசுரோட இருக்கையில வித்துருங்க. அவரு பாலவனத்தத்துல இருக்கிற கரிசக்காட்ட விக்கவே வெல பேசிட்டாரு. அதுக்கு மேல வழிச்சாலும் ஒண்ணும் வராது. கடையப் பூட்டிட்டு ஓடிட்டார்னா இந்த நூல யாருக்கு விப்பீக?"

"அவரயே வரச்சொல்லு."

"யார?"

"வேங்கடபதிய. அவரு வந்து கேட்டா விக்கிறேன்."

மீரான் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "நீங்க நூல் விக்கலண்ணே" என்றான். "வேற என்னமோ விக்கிறீக."

அமாவாசைக்கு முதல்நாள் காலை, வெயில் ஏறின பிறகு, வேங்கடபதி வந்தார்.

தெருவே பார்த்தது. ஆடுபுலி ஆட்டம் நின்றது. அவர் மீரானுக்கு முன்னால் நடந்து வந்து லிங்கத்தின் வாசல்படிக்குக் கீழே நின்றார். ஏழு வருஷத்தில் கன்னம் ஒட்டியிருந்தது. சட்டைப் பொத்தான் ஒன்றை மாற்றிப் போட்டிருந்தார். லிங்கம் படியின்மேல் நின்றான். வாங்க என்று சொல்லவில்லை. கங்கம்மாள் கதவுக்குப் பின்னால் நிற்பது அவன் முதுகுக்குத் தெரிந்தது.

வேங்கடபதி தன் தோளில் கிடந்த சரிகைத் துண்டை எடுத்துக் கையில் போட்டுக்கொண்டு நீட்டினார். லிங்கம் ஒரு படி இறங்கிக் கையைக் கொடுத்தான்.

அந்தக் கை சில்லென்று ஈரமாக இருந்தது. லிங்கத்துக்கு ஒரு நிமிஷம் எதுவும் ஓடவில்லை. முழம் போட்டுக்கொண்டே நடந்து வந்த கை. இரண்டு விரலைப் பிடித்தது. பிறகு ஐந்தும் மூன்றும். இருபத்தெட்டு. லிங்கம் அசையவில்லை. பிறகு இருபத்தொன்பது. லிங்கம் அசையவில்லை. எதிராளியின் மணிக்கட்டில் நாடி துடிப்பது அவன் விரலில் தெரிந்தது. அது ஓடுகிற ஓட்டத்தை அவன் ரசித்தான். பிறகு அந்தக் கை மூன்று விரலைப் பிடித்து, அடுத்த பிடி பிடிக்காமல் அப்படியே இறுக்கியது.

முப்பது. அறுபது கட்டுக்கு ஆயிரத்து எண்ணூறு ரூபாய். வீட்டை மீட்கலாம், இன்னும் இரண்டு தறி போடலாம், அதற்கு மேலும் மிஞ்சும். லிங்கம் திருப்பி ஒரு அழுத்து அழுத்தினால் போதும். முடிந்துவிடும். முடிந்துவிட்டால் வேங்கடபதி துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி நடப்பார். தெருவில் ஒருவனுக்கும் எதுவும் தெரியாது. அவர் எதற்கு இறங்கினார், எவ்வளவு இறங்கினார் என்று ஒருவனுக்கும் தெரியாது.

லிங்கம் கையை உருவினான்.

"துண்ட எடுங்க" என்றான். "வாயால சொல்லுங்க."

"என்னது?"

"வெலைய. வாயால."

மீரான் பாய்ந்து நடுவில் வந்தான். "அண்ணே, மொறையில்லாத பேச்சு பேசாதீக. துண்டுக்குள்ள பேசுறத வெளிய சொன்னா இன்னும் நாலு காது கேக்கும்."

"நாலு காது கேக்கட்டும்னுதான் சொல்லச் சொல்றேன்."

"நீ மொறை தெரியாதவனாடா?" என்றார் வேங்கடபதி.

"மொறைய நீங்க எனக்குப் பஜாருல வச்சுப் படிச்சுக் குடுத்தீக. சத்தமாக் குடுத்தீக. நான் மறக்கல."

வேங்கடபதிக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. "ஒரு சேலைக்கா?" என்றார். "ஏலே, ஒரு சாண் துணிக்கா இம்புட்டும்?" அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. தெருவைப் பார்த்தார், மீரானைப் பார்த்தார், தன் கையில் கிடந்த துண்டைப் பார்த்தார். வேப்பமரத்தில் ஒரு காக்கை இடம் மாறி உட்கார்ந்தது. லிங்கம் அவசரப்படவில்லை. இந்த நேரத்துக்காகத்தான் அவன் ஒரு மாதம் உட்கார்ந்திருந்தான்.

வேங்கடபதி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"முப்பது ரூவா" என்றார். "கட்டு முப்பது ரூவா. அறுபது கட்டையும் எடுத்துக்கிறேன். கேட்டுச்சா?"

"இன்னொரு மட்டம் சொல்லுங்க."

"லிங்கண்ணே!" என்றான் மீரான். கதவுக்குப் பின்னாலிருந்து கங்கம்மாள், "சரின்னு சொல்லுங்க, சரின்னு சொல்லுங்க" என்று கன்னடத்தில் முணுமுணுத்தாள்.

"இன்னொரு மட்டம். தெருக்கோடிக்குக் கேக்கல."

வேங்கடபதியின் கழுத்து நரம்பு புடைத்தது. தெருவின் இரண்டு பக்கமும் கேட்கும்படி, ஏலம் போடுகிறவனைப்போலக் கத்தினார்: "ஜப்பான் நூலு, கட்டு முப்பது ரூவா! முப்பது ரூவா! போதுமா?"

போதும். லிங்கத்துக்கு அது போதும். அந்தச் சத்தம் காதுக்குள் இறங்கி ஏழு வருஷத்துக்கு முந்தைய சத்தத்தின்மேல் விழுந்தது. அவன் கண்ணை மூடி அதைக் கேட்டான். சரி என்று சொல்ல வாயைத் திறக்கத்தான் வேண்டும். இன்னும் கொஞ்சம் போகட்டும் என்று நின்றான்.

"மொதலாளி!"

குரல் வேப்பமரத்தடியிலிருந்து வந்தது. நாலாவது வீட்டுச் சௌடையா எழுந்து நின்றான். நேற்றுவரை நூல் இல்லை, தறி நின்றுபோனது, பிள்ளைகளுக்குக் கஞ்சிக்கு வழியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவன். "நெசமாவே முப்பதா மொதலாளி? எங்கிட்ட ஆறு கட்டு இருக்கு."

"ஒங்கிட்டயா?" என்றார் வேங்கடபதி.

"தறிக்குழிக்குள்ள போட்டு மூடி வச்சுருக்கேன்."

"எடுத்துட்டு வா."

சௌடையா ஓடினான். அவன் ஓடியதைப் பார்த்து மற்றவர்கள் எழுந்தார்கள். அதுவரை ஒவ்வொருவனும் தன் துண்டுக்குள் வந்த விலையை மட்டும் அறிந்திருந்தான். பத்தொன்பதுக்கு மறுத்தவனுக்கு இருபத்தொன்று சொன்னது தெரியாது, இருபத்தொன்றுக்கு மறுத்தவன் இன்னும் எவ்வளவோ ஏறும் என்று படுத்திருந்தான். இப்போது உச்சி எது என்று தெருவுக்கே தெரிந்துவிட்டது. நாளை அமாவாசை என்பதும் தெரியும். கதவுகள் திறந்தன. நெல்குதிருக்குள்ளிருந்து மூன்று கட்டு. அடுப்படிப் பரண்மேலிருந்து ஐந்து. கோயில் சாமான் பெட்டிக்குள்ளிருந்து இரண்டு. ஒருவன் தன் மகளின் தூளிக்குள்ளிருந்து ஒரு கட்டை உருவிக்கொண்டு வந்தான், பிள்ளை பின்னால் அழுதது.

"நான் முப்பதுக்குத் தாரேன்!"

"நான் இருவத்தொம்பதுக்குத் தாரேன் மொதலாளி, என்னுத எடுங்க!"

"இருவத்தெட்டு! நாலு கட்டு, பிரிக்காத கட்டு!"

ஊர் முழுக்க விலையை வாயால் சொன்னது. துண்டு யார் கையிலும் இல்லை.

லிங்கம் படியிலேயே நின்றான். அவனுடைய தறி ஏன் நின்றிருந்தது என்று அவனுக்குத் தெரியும். நூல் இல்லாமல் இல்லை. தறி ஓடினால் நூல் இருப்பது தெரிந்துவிடும் என்றுதான் நிறுத்தியிருந்தான். அதே காரணத்துக்காக இன்னும் முப்பது பேர் தறியை நிறுத்தியிருக்கலாம் என்பது இத்தனை நாள் அவனுக்குத் தோன்றவேயில்லை.

சுந்தராம்பாள் இடுப்பில் ஒன்றும் தலையில் இரண்டுமாக மூன்று கட்டைக் கொண்டுவந்து குவியலில் போட்டாள். லிங்கம் அவளைப் பார்த்தான்.

"கல்யாணச் சேலைக்கு நூல் இல்லன்னு வந்த?"

"ஒங்கிட்ட எம்புட்டு இருக்குன்னு பாக்க வந்தேன்" என்றாள் அவள். "இருவதுக்கும் குடுக்காதவன் இன்னும் ஏறும்னு தெரியாம சும்மா இருப்பானா? அதான் நானும் வச்சுருந்தேன்."

மீரான் அவன் காதோரம் வந்தான். "இருவத்தஞ்சு ஓடுது. இப்பவே கையக் குடுங்க, ஒங்க அறுபதையும் மொதல்ல தள்ளிவிட்டுர்றேன். நான் சொன்னா கேப்பாரு."

"முப்பதுன்னு சொன்னார்ல?"

"அண்ணே!"

லிங்கம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வேங்கடபதியின் முன்னால் போய் நின்றான். "முப்பதுன்னு சொன்னீக. அறுபது கட்டும் எடுக்கிறேன்னு சொன்னீக. தெருவே கேட்டுச்சு."

வேங்கடபதி கட்டுகளை எண்ணுவதை நிறுத்தவில்லை. "சொன்னேன். ரெண்டு மட்டம் சொன்னேன். நீ சரின்னு சொன்னியா?"

லிங்கம் மீரானைப் பார்த்தான்.

"துண்டுக்குள்ள ஒரு அமுக்கு அமுக்கியிருந்தீன்னா நான் செத்தேன். உருவிட்ட. வாயால கேட்ட, நான் வாயால சொன்னேன். நீ வாயால ஒண்ணும் சொல்லல. நாப்பத்தொண்ணு, நாப்பத்திரண்டு... ஏ மீரான், அந்தக் கட்ட இங்கிட்டுப் போடு. இருவத்து ரெண்டுக்குன்னா எடு, இல்லன்னா வேண்டாம்."

அப்போதுதான் லிங்கம் திரும்பிப் பார்த்தான். கங்கம்மாள் உள்ளறைப் பூட்டின் நாதாங்கியை அம்மிக்குழவியால் உடைத்துவிட்டாள். தலையில் நாலு கட்டோடு வெளியே வந்தாள். குவியலுக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டு மறுபடி உள்ளே ஓடினாள். மறுபடி நாலு. மூச்சு வாங்கியது. யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. அவள் நாலாவது நடை வந்து இறக்கியபோது விலை பதினேழுக்கு வந்திருந்தது.

"எத்தன?" என்றார் வேங்கடபதி.

"இதுல பதினாறு. உள்ள நாப்பத்தி நாலு."

அவர் மீரானைப் பார்த்தார். மீரான் விரல்விட்டு எண்ணி, "பதினாறோட கணக்கு முடியுது மொதலாளி" என்றான்.

வேங்கடபதி இருநூற்று எழுபத்திரண்டு ரூபாயை எண்ணிக் கங்கம்மாளின் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு லிங்கத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஜெயித்த களை எதுவும் இல்லை. அவருடைய கரிசல் போயிற்று. "நீயும் நானும் ஒண்ணாத்தான் நாசமாப் போறோம்" என்றார். "நான் இன்னும் கொஞ்சம் பெரிசாப் போறேன், அம்புட்டுத்தான்." வண்டி வந்தது. கட்டுகளை லோடு ஏற்றினார்கள். வண்டி பஜாரைப் பார்க்கத் திரும்பியது.

வண்டி போன பிறகும் தெருவில் நூல் கிடந்தது. கொண்டுவந்து விற்க முடியாமல் போனவர்கள் கட்டுகளை வைத்துக்கொண்டு நின்றார்கள். தறி போட நினைக்கிறவர்கள் விலை கேட்டார்கள். செய்தி எப்படியோ பரவி, பாளையம்பட்டியிலிருந்தும் ஏழெட்டுப் பேர் வந்துவிட்டார்கள்.

கங்கம்மாள் லிங்கத்தின் அருகில் வந்தாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள். கோபம் தீர்ந்துபோன குரல், வெறும் கணக்குச் சொல்கிற குரல். "பாளையம்பட்டி ஆளு ஒருத்தர் பதினாலுக்குக் கேக்குறாரு. நாப்பத்தி நாலையும் எடுத்துக்கிறாராம். கையில இருக்கிறதோட சேத்தா வீடு நமக்கு. பதிமூணுன்னாக்கூட நாலு ரூவா மிஞ்சும். அதுக்குக் கீழ போச்சுன்னா வீடு இல்ல. கேக்குறீங்களா? குடுத்துர்றேன்."

"முப்பது சொன்ன நூல்" என்றான் லிங்கம்.

"அது காலையில."

"முப்பது ரூவான்னு தெருவே கேக்கச் சொன்னான். அத நான் பதினாலுக்குக் குடுக்கவா? இந்தச் சுந்தராம்பா பாக்க? சௌடையா பாக்க?"

"அவங்களும் பதினாலுக்குத்தான் குடுக்கிறாங்க."

"கப்பல் இனி வராது. ஒரு மாசத்துல திரும்ப ஏறும்."

"நமக்கு ஒரு மாசம் இல்ல. பத்து நாளுதான் இருக்கு."

அவன் படியேறினான். உள்ளே போனான். அவள் பின்னால் வருவதற்குள் உள்ளறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினான். நாதாங்கி உடைந்திருந்ததால் கதவில் முதுகைக் கொடுத்துக் கால்களை நீட்டி உட்கார்ந்துகொண்டான். எதிரில் நாற்பத்து நாலு கட்டும் இருந்தது. அதை எண்ணத் தொடங்கினான். வேங்கடபதியின் முகம் வரவில்லை. வெறும் நூல்தான் இருந்தது.

கங்கம்மாள் கதவை ஒரு தடவை தள்ளிப் பார்த்தாள். அவன் முதுகால் அழுத்திப் பிடித்தான். அவள் இரண்டாவது தடவை தள்ளவில்லை. கதவுக்கு அந்தப்பக்கம் அவள் மூச்சு கேட்டது. பிறகு அதுவும் விலகிப் போனது.

தெருவில் இன்னும் வாயால்தான் விலை பேசிக்கொண்டிருந்தார்கள். உள்ளறைக்குச் சன்னல் இல்லை, ஆனாலும் ஒவ்வொன்றும் கேட்டது. பதினாலு என்றது ஒரு குரல். பதிமூணர என்றது இன்னொன்று. லிங்கம், யாராவது ஒருவன் ஏற்றிச் சொல்வான் என்று காத்திருந்தான். பதிமூணு என்று யாரோ சொன்னார்கள். வாசலில் கங்கம்மாள் அவன் பெயரைச் சொல்லி ஒரு தடவை கூப்பிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவன் பெயரைச் சொன்னதில்லை.

அவன் கதவை விட்டு நகரவில்லை.

"பன்னெண்டே முக்கால்!" என்றான் சௌடையா.